அது ‘அரசியல் கேள்வி’ இல்லை, தம்பி

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பாதிப் பேர் வீடியோவிலேயே பார்த்துவிட்டீர்கள். திரும்ப விவரிக்கப் போவதில்லை. ‘அக்கா, ஏன் அங்கே போய்ச் சண்டை பிடித்தீர்கள்?’ என்று இன்பொக்ஸில் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சண்டை பிடிக்கவில்லை. கேள்வி கேட்டேன். அதையும் முழுதாகக் கேட்க விடவில்லை.

பேச்சாளர் சொன்னது இவ்வளவுதான். ஐரோப்பியர்கள் ஒன்றியமாக ஒன்றுசேர்ந்தார்கள், முன்னேறினார்கள். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கையும் நாங்கள் அப்படி ஆக்கலாம், தலைவர்கள் மனம் வைத்துக் கையெழுத்துப் போட்டால் போதும். நல்ல கைதட்டல். நான் எழுந்து, ‘அங்கே சேர வருகிற நாட்டிடம் உன் நாட்டுச் சிறுபான்மையினரை எப்படி நடத்துகிறாய் என்று கேட்கிறார்களே...’ என்று தொடங்கியதுதான், நிகழ்ச்சியை நடத்திய தம்பி மைக்கை வாங்கிக்கொண்டார். ‘அக்கா, அரசியல் வேண்டாமே, நேரமும் போகுது.’ சபையில் ஒரே சிரிப்பு.

தம்பிக்குத் தெரியாது, அவர் சொன்னது சார்க் சாசனத்தில் உள்ளதைத்தான். 1985இல் டாக்காவில் ஏற்றுக்கொண்ட அந்தச் சாசனத்திலேயே, இருதரப்புப் பிரச்சினைகளும் சர்ச்சைக்குரிய விடயங்களும் பேசப்படாது என்று எழுதியிருக்கிறது. சண்டை வரும் என்று பயந்து கதைக்காமலே இருந்தார்கள். 2014இல் காத்மண்டுவில் கூடியதோடு உச்சிமாநாடும் நின்றுபோயிற்று.

சரி, கேள்விக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வது கையெழுத்து விஷயமே இல்லை. 1993இல் கோப்பன்ஹேகனில் வகுத்த நிபந்தனைகளை எடுத்துப் பாருங்கள். ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை, சிறுபான்மையினரை மதித்தலும் பாதுகாத்தலும், இவற்றை உறுதிசெய்யும் நிலையான நிறுவனங்கள் வேண்டும். சந்தைப் பொருளாதாரமும் ஒன்றியத்தின் சட்டங்களைச் சுமக்கும் திறனும் அடுத்தடுத்து வருகின்றன. அந்த வரிசையைக் கவனியுங்கள். அப்புறம் 35 அத்தியாயங்களாகப் பேச்சுவார்த்தை நடக்கும். நீதித்துறையும் அடிப்படை உரிமைகளும் பற்றிய 23ஆவது அத்தியாயத்தை இப்போதெல்லாம் முதலிலேயே திறக்கிறார்கள், கடைசியில்தான் மூடுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் எல்லா அங்கத்துவ நாடுகளும் சம்மதிக்க வேண்டும். 2005இல் பேச்சைத் தொடங்கிய குரோஷியா 2013இல் உள்ளே போனது. அதே நாளில் தொடங்கிய துருக்கி இன்னும் வாசலில் நிற்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்லோவாக்கியா. அப்போது அங்கே சனத்தொகையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஹங்கேரிய மொழி பேசுகிறவர்கள். 1995இல் அரச மொழிச் சட்டம் ஒன்று வந்தது. அரச அலுவல் எல்லாம் ஸ்லோவாக்கிய மொழியில்தான். ஹங்கேரியப் பிள்ளைகளுக்கு இரு மொழிகளிலும் கொடுத்துவந்த பள்ளி றிப்போர்ட்டைக்கூட நிறுத்தினார்கள். (யாருக்காவது எங்கள் 1956 தனிச் சிங்களச் சட்டம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) 1997இல் விண்ணப்பங்களை மதிப்பிட்டபோது, அரசியல் நிபந்தனையில் தேறாத ஒரே நாடு ஸ்லோவாக்கியா. பொருளாதாரத்தில் அதைவிடப் பின்தங்கியவர்கள்கூட அதில் தேறிவிட்டார்கள். அடுத்த வருடத் தேர்தலில் ஆட்சி மாறியது. 1999இல் சிறுபான்மை மொழிப் பயன்பாட்டுக்கென்று சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த வருடக் கடைசியிலேயே பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது. 2004இல் உள்ளே போய்விட்டார்கள்.

ஒரு றிப்போர்ட் எந்த மொழியில் இருக்கிறது என்பதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்பவர்களுக்கு என் கதை ஒன்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டேன். முறைப்பாடு போட ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். எது என்று வேண்டாம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் நடந்தார், கதிரைகூடத் தந்தார். நான் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதி, ‘இங்கே கையெழுத்துப் போடுங்க மிஸ்’ என்றார். எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. தமிழில் எழுத ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். லீவாம். கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து கீழ்மாடியில் இருக்கும் நந்தா அக்காவிடம் பிரதியை வாசிக்கக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: ‘நங்கி, உங்களை கொழும்பில் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர் என்று எழுதியிருக்கிறார்கள்.’

இருபத்தாறு வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். என் பிள்ளைகள் பிறந்தது இங்கே. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று நான் சொன்னதை வைத்து அவர் மீதியை நிரப்பியிருக்கிறார். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் தமிழும் இந்த நாட்டின் அரச மொழி என்று அரசியலமைப்பில் 1987 முதல் எழுதியிருக்கிறது. ஆள்தான் லீவு.

இந்த இடத்தில் சிலர் கையைத் தூக்குவார்கள் என்று தெரியும். ‘ஐரோப்பியர்கள் என்ன யோக்கியர்களா?’ இல்லை. உள்ளே போன பிறகு 2009இல் அதே ஸ்லோவாக்கியா மொழிச் சட்டத்தைத் திரும்பவும் இறுக்கியது. ஹங்கேரியின் ஆட்சியைப் பற்றி ஒன்றியமே பல வருடங்களாக அழுதது. வட மசிடோனியாவை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. 2005 முதல் வேட்பாளர் நாடு. கிரேக்கம் மறித்ததால் நாட்டின் பெயரையே 2019இல் மாற்றிக்கொண்டார்கள். அதே வருடம் பிரான்ஸ் மறித்தது, அடுத்த வருடம் பல்கேரியா. பிறகு அரசியலமைப்பில் பல்கேரியரையும் சேர் என்றார்கள். இது அநியாயம்தான். வாசலில் நிற்பவனை உள்ளே இருப்பவன் படுத்துகிற பாடு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காவலாளி கள்ளன் என்பதற்காகப் பூட்டே வேண்டாம் என்று சொல்வீர்களா?

‘இறைமை என்னாவது?’ யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லையே, விண்ணப்பித்துவிட்டுத்தான் நிற்கிறார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போதே உக்ரைனிடம் சிறுபான்மையினர் பற்றிய சட்டத்தைச் சரிசெய் என்றார்கள், 2022இலும் 2023இலும் செய்தார்கள். குண்டு விழும்போதுகூட ‘உள்நாட்டு விவகாரம்’ என்று அந்த நிபந்தனையைத் தட்டிக் கழிக்கவில்லை.

எங்கள் ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் வரிச் சலுகையான ஜீ.எஸ்.பி. பிளஸ் பற்றிக் கேட்ட நண்பருக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. 2010இல் மனித உரிமையைச் சொல்லி அந்தச் சலுகையை நிறுத்தியபோது அடி விழுந்தது கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த பிள்ளைகளுக்கு, சட்டம் எழுதியவர்களுக்கு இல்லை. 2017இல் திரும்பத் தந்தார்கள். அதற்காகக் கொடுத்த, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவோம் என்ற வாக்குறுதியை நாங்கள் எத்தனை தடவை கேட்டுவிட்டோம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

‘எதையெடுத்தாலும் தமிழர் பிரச்சினையாக்குகிறீர்கள்’ என்று ஒருவர். மன்னிக்க வேண்டும் ஐயா, நான் ஆக்கவில்லை. 2007 ஜூனில் வெள்ளவத்தை லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தைப் பொலிஸார் விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியபோது நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். உயர் நீதிமன்றம்தான் தடுத்தது. அன்றைக்கும் பக்கத்து வீட்டில் ஒருவர் ‘இதைப் பற்றி இப்போது கதைக்க வேண்டாம்’ என்றார். நேரம் சரியில்லையாம். மாகாண சபைகளுக்கு 2014க்குப் பிறகு தேர்தலே இல்லாமல் இத்தனை வருடம் இழுபட்டது, அதற்கும் நேரம் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமையும் நேரம் போய்விட்டது. எங்கள் கேள்விக்கு மட்டும் எப்போதுமே நேரம் போய்விடுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

சிரித்தவர்களில் என்னோடு படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதுதான் கொஞ்சம் குத்திக்கொண்டிருக்கிறது. பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது அவர்களில் ஒருத்தி வந்து, ‘நீ சொன்னது சரிதான், ஆனா இடம் பார்த்துக் கதைக்கணும்’ என்று என் கையில் ஒரு கட்லட்டை வைத்தாள். சாப்பிட்டேன். நல்ல கட்லட்.

நேற்று அந்தத் தம்பியிடமிருந்து மெசேஜ் வந்தது. ‘அக்கா கோவிக்காதீங்க, அடுத்த மாதமும் கட்டாயம் வாங்க. கேள்விகளை மட்டும் முன்கூட்டியே எழுதித் தரணும்.’ எழுதி அனுப்பிவிட்டேன், தமிழில். இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.