ஸ்கேன் வேறு, மாடல் வேறு!

"ஸ்கேன்தான் இருக்கே, ஒரு பட்டனைத் தட்டினால் கேட் மாடல் வந்துவிடாதா?" ஒரு பொருளை 3டி ஸ்கேன் எடுத்து, அதிலிருந்து கணினியில் அளவுகளை மாற்றக்கூடிய வடிவமைப்பை, அதாவது கேட் (CAD) மாடலை, உருவாக்குவது பற்றி இப்படிக் கேட்டாலே எரிச்சல் வருகிறது.

ஸ்கேனிலிருந்து கைக்கு வரும் எஸ்டிஎல் (STL) ஃபைலில் இருப்பவை பொருளின் மேற்பரப்பைக் காட்டும் வெறும் முக்கோணங்கள். மில்லிமீட்டரா அங்குலமா என்ற தகவல்கூட அதில் இருக்காது. பரப்பைத் தானாக உருவாக்கும் ஆட்டோ சர்ஃபேஸ் கட்டளையைக் கொடுத்தால், மென்பொருள் அதன்மேல் நூற்றுக்கணக்கான நர்ப்ஸ் (கணித முறையில் வரையும் வளைபரப்பு) துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ட்ரில் போட்ட துளை அலையலையான பரப்பாக வந்து நிற்கும். அச்சு கிடையாது, விட்டம் கிடையாது. அதை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கச் சொன்னால் எதைப் பிடித்து மாற்றுவது? டாலரன்ஸை, அதாவது ஸ்கேனிலிருந்து பரப்பு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பை, இறுக்கினால் இன்னும் மோசம். ஸ்கேனரின் இரைச்சலும் (சின்னச் சின்ன அளவீட்டுப் பிழைகள்) சேர்ந்து பரப்பில் ஏறிவிடும், பரப்பின் வழுவழுப்பைச் சோதிக்கும் ஸீப்ரா கோடுகள் நெளியும். சரி, தளர்த்தலாம் என்றால் விளிம்புகள் மழுங்கும்.

சமதளத்துக்குத் தளம், துளைக்கு உருளை, மிச்ச வளைவுக்கு மட்டும் ஃப்ரீஃபார்ம் (ஒழுங்கற்ற வளைபரப்பு) என்று பகுதி பகுதியாகப் பொருத்துவதுதான் முறை. அப்புறம் ஸ்கேனுக்கும் மாடலுக்கும் உள்ள விலகலைக் காட்டும் வண்ணப்படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும், விளிம்பை உருட்டும் ஃபில்லட்டைக் கடைசியில் போட வேண்டும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத்தான் யாரும் ஒதுக்கித் தருவதில்லை.