தாத்தாவைப் பார்க்க வாட்ச்மேனிடம் சாவி

போன பொங்கல் கரிநாளன்று தாத்தாவுக்குப் படையல் போட ஒரு வாட்ச்மேனிடம் கெஞ்ச வேண்டியதாகிவிட்டது.

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகிற பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. பெரும்பாலும் பெங்களூரா, வீட்டுக்குச் சாப்பிட நாலு செந்தூரா மரம். தாத்தாவைக் கிணற்று மேட்டை ஒட்டி அடக்கம் செய்தார்கள். செங்கல் வைத்துக் கட்டி, சுண்ணாம்பு அடித்து, தலைமாட்டில் ஒரு விளக்கு மாடம். பாகம் பிரித்தபோது அந்தத் துண்டு சித்தப்பாவுக்குப் போனது. சித்தப்பா பசங்க விற்றுவிட்டார்கள், வாங்கியவர் மனை போட்டுவிட்டார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மகள் படிப்புக்காக என் பங்கை நானும்தான் விற்றேன்.

இப்போது சமாதிக்கு மூன்றடி தள்ளி மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல் நிற்கிறது. 14 என்று எழுதியிருக்கிறது. கேட்டுக்குப் பூட்டு. வாட்ச்மேன் வடக்கத்திப் பையன், யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் திறந்தான். வாழை இலை விரித்து, கறிக்குழம்பு, வடை, ஒரு கட்டு பீடி, ஒரு குவார்ட்டர் எல்லாம் வைத்துக் கற்பூரம் ஏற்றினோம். அந்தப் பையன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத் தள்ளி நின்றான். அவனுக்கும் ஒரு இலை போட்டோம்.

ஆயா விஷயம் இன்னும் மோசம். அவள் செத்த வருஷம் கையில் காசில்லை, சமாதியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. வெறும் மண்மேடு, ஜேசிபி ஒரே நாளில் சமன் செய்துவிட்டது. ஆயா 13-ஆம் மனையில் இருக்கிறாளா 14-லா என்று அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம்.

அன்றைக்கு வண்டியில் திரும்பும்போதே முடிவெடுத்துவிட்டேன். என்னை எரித்துவிடுங்கள்.

எங்கள் வகையறாவில் புதைப்பதுதான் வழக்கம். அதனால் வீட்டில் இதைச் சொன்னதும் பெரிய பேச்சாகிவிட்டது. அம்மா, “நெருப்புல போடறதுக்கா பெத்தேன்” என்று ஆரம்பித்து, இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெரியப்பா மகன், “மண்ணுக்குப் போனாத்தாண்டா நாலு தலைமுறைக்கு அடையாளம் நிக்கும்” என்றான். அடையாளம் எங்கேடா நிற்கிறது என்றுதான் நான் கேட்கிறேன். புதைத்த இடம் நிற்க வேண்டுமென்றால் நிலம் நம் கையில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் பைபாஸ், இன்னொரு பக்கம் லேஅவுட். எத்தனை தாத்தாக்கள் இன்று அடுத்தவன் பட்டாவில் படுத்திருக்கிறார்கள் என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள்.

அடையாளம் நிற்கத்தான் வேண்டுமென்றால் அதற்கு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் மாதிரி செய்ய வேண்டும். பாறை மேல் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல், பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. பார்க்காதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். பாண்டவர் வீடு என்று சொல்கிறவர்களும் உண்டு. இரும்புக் காலத்து ஆட்களின் ஈமச் சின்னம் அது. இரும்பு என்றால் எவ்வளவு பழசு என்பதற்கும் நம் மாவட்டமே சாட்சி. மயிலாடும்பாறையில் தோண்டி எடுத்ததைச் சோதித்துப் பார்த்து, கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்கள். அத்தனை கல்லைத் தூக்கி வைத்தும் உள்ளே இருந்தவர் பேர் என்ன, யாருக்குத் தெரியும்?

அதியமானையே எடுத்துக்கொள்ளுங்கள். தகடூரை ஆண்டவன், அதாவது நம்ம தர்மபுரி. அவனை எரித்தார்கள். பக்கத்தில் நின்ற ஔவையார் பாடியது புறநானூற்றில் 231-ஆம் பாட்டு. இந்த ஈமத்தீ அவன் உடம்பை நெருங்கினாலும் நெருங்கட்டும், நெருங்காமல் வானம் முட்ட எரிந்தாலும் எரியட்டும், அவன் புகழ் மாயாது என்கிறார். அடுத்த பாட்டில் நடுகல் வந்துவிடுகிறது. மயில் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் வைத்துப் படைக்கிறார்கள். மலையோடு ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தத் துளி கள்ளையா வாங்கிக்கொள்வான் என்று கேட்கிறார். பூட்டின கேட்டுக்குள் குவார்ட்டர் பாட்டிலை வைத்துவிட்டு நின்றபோது எனக்கு அந்தக் கேள்விதான் ஓடியது. எங்கள் தாத்தா வாங்கியிருப்பார், அது வேறு விஷயம்.

அப்பா சாவைச் சொல்ல வேண்டும். சித்திரை மாதம், அக்கினி வெயில். தன் அப்பா பக்கத்திலேயே வைக்கணும் என்று அவருக்கு ஆசை. தோப்பு கைமாறிவிட்டதால் ஊர் மயானம்தான் என்றாயிற்று. நம்ம பூமி தெரியுமே, இரண்டடி போனால் சுக்கான் கல். கடப்பாரை டங்கென்று துள்ளுகிறது. காலை ஏழு மணிக்குத் தோண்ட ஆரம்பித்தவர்கள் பதினோரு மணிக்கும் இடுப்பளவில்தான் நின்றார்கள். குழி வெட்டிய இருவரில் பெரியவர் மேலே ஏறி உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கொப்புளம் உடைந்து மண்ணோடு ஒட்டியிருந்தது. “உங்கப்பன் கெட்டிக்காரன்டா, கல்லுலயே எடம் புடிச்சிருக்கான்” என்று சிரித்தார். கடைசியில் ஜேசிபி வரவழைத்துத்தான் ஆழம் பார்த்தோம்.

அதே பெரியவர் செத்தபோது எங்கே புதைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மயானத்தில் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், அவர்களுக்கென்று ஒதுக்கின புறம்போக்கில். போக ஒழுங்கான பாதை கிடையாது. மழை பெய்திருந்ததால் பாடையை முழங்கால் தண்ணீரில் தூக்கிப் போனார்கள். எங்கள் ஆட்களுக்கெல்லாம் குழி வெட்டிய கை அது. சொந்தக் கொல்லையில் படுக்க வேண்டும் என்கிறது கொல்லை இருக்கிறவன் ஆசை. எனக்கு இதெல்லாம் இவ்வளவு வயசுக்கு அப்புறம்தான் உறைக்கிறது, அதற்கு வெட்கப்படவும் செய்கிறேன். டவுன் எரிவாயு தகன மேடை எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவும் காரணம். அங்கே எனக்கு முன்னால் யார் வந்தார், பின்னால் யார் வருவார் என்று எவனும் கேட்க முடியாது, வரிசை மட்டும்தான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கையில் ஒரு சின்னப் பானை.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். சொந்த நிலம்தானே என்று நினைத்த இடத்தில் புதைக்க முடியாது. 1999 கிராம ஊராட்சி விதிகளின்படி அனுமதி பெற்ற இடத்தில்தான் புதைக்கவோ எரிக்கவோ முடியும். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதைத்தான் சொன்னது.

உடல்தானம் பற்றியும் யோசித்தேன். 2022-இல் இருந்து கிருஷ்ணகிரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தர்மபுரியில் அதற்கும் முன்னாலிருந்து. ஆனால் பிரேதப் பரிசோதனை செய்த உடம்பைப் பொதுவாக வாங்க மாட்டார்கள். தினமும் ஓசூர் ரோட்டில் பைக்கில் போய் வருகிறவன் நான், எந்த நம்பிக்கையில் எழுதிக் கொடுப்பது? அதோடு அம்மா இருக்கிறவரை அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. கண்ணை மட்டும் கொடுத்துவிடுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அழுகிறவர்கள் அழட்டும், ஒருத்தர் போனை எடுத்துப் பேசிவிடுங்கள். ஃபேனை நிறுத்தி, கண்ணை மூடி, ஈரத்துணி போட்டு வையுங்கள்.

மற்றபடி, பெங்களூரிலிருந்து யாரோ வரவேண்டும் என்று ஃப்ரீசர் பெட்டியில் இரண்டு நாள் போட்டு வைக்காதீர்கள். அந்த மோட்டார் சத்தத்துக்கு நடுவே அழுவதே கஷ்டம். ரோட்டு முனையில் ஃப்ளெக்ஸ் வேண்டாம், இருக்கிற ஒரே நல்ல போட்டோவில் எனக்குக் கண் பாதி மூடியிருக்கிறது. வெடி வேண்டாம், நாய்கள் பாவம். மேளம் இருக்கட்டும், எனக்குப் பிடிக்கும். அடிக்கிறவர்களுக்குப் பேரம் பேசாமல் கொடுங்கள். தெரு முனையோடு பொம்பளைகளைத் திருப்பி அனுப்புகிற வேலை என் சாவில் நடக்கக் கூடாது. மகள்தான் கொள்ளி. அங்கே சுவிட்சைத்தான் அழுத்தச் சொல்வார்கள் என்றால், அதையும் அவளே அழுத்தட்டும்.

சாம்பலை ஒகேனக்கல்லில் கரையுங்கள். கரைத்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வாங்கிக் கொடுத்து அங்கேயே சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டு வாருங்கள். காரியம் முடியாமல் கவுச்சி சாப்பிடக் கூடாது என்று அண்ணன் சொல்வான். அவனுக்குத் தயிர்சாதம் கட்டிக்கொடுங்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்து வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஃப்ளெக்ஸ் போட்டோ இடத்தில் மட்டும் சிரித்தாள்.

“நீங்க எரிஞ்சிக்குங்க. எனக்கு நெருப்புன்னா ஆவாது. என்னைப் பொதைக்கத்தான் வேணும்.”

“எங்கடி பொதைக்கறது? இருக்கறதே மூணு சென்ட்டு வீடு.”

“அது உங்க பாடு. தோட்டத்தை விக்கும்போது என்னையா கேட்டீங்க?”