வானொலியில் முதலில் வந்தது வகுப்பறை

வானொலி என்றாலே பாட்டும் விளம்பரமும், கல்வி ஒலிபரப்பு பிற்பாடு ஏதோ கடமைக்காகச் சேர்த்துக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எர்ல் டெரி என்ற இயற்பியல் பேராசிரியர் இருந்தார். அவர் நடத்திய நிலையத்துக்கு 9எக்ஸ்எம் என்று பெயர். 1916 டிசம்பரில் வானிலை அறிக்கையைத் தந்திக் குறியீட்டில் அனுப்பத் தொடங்கினார்கள். அந்தக் குறியீட்டு ஓசை புரிந்தவருக்குத்தான் அது பயன்படும். விவசாயிக்கு மனிதக் குரல் வேண்டும். குரலை அனுப்ப ஆற்றல் மிகுந்த வால்வு, அதாவது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய், வேண்டும். கடையில் வாங்க வழியில்லாததால் ஆய்வகத்திலேயே செய்தார்கள். கண்ணாடியை உருக்கி ஊதி, உள்ளே உலோக இழையைப் பொருத்தி, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, வாயை உருக்கி அடைப்பார்கள். கொஞ்சம் காற்று தங்கிவிட்டாலும் இழை எரிந்துபோகும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1921 ஜனவரியில் வானிலை அறிக்கை குரலிலேயே ஒலிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு நிலையத்தின் பெயர் டபிள்யூஎச்ஏ ஆனது.

1931-ல் அதே நிலையம் வகுப்பறைகளுக்குப் பாடம் ஒலிபரப்பும் வானொலிப் பள்ளியைத் தொடங்கியது. பாட்டு வாத்தியாரை வைத்துக்கொள்ள வசதியில்லாத ஓராசிரியர் பள்ளிகள் அந்த மாநிலத்தில் ஏராளம். இசைப் பேராசிரியர் எட்கர் கார்டன் ஒலிபரப்புக் கூடத்திலிருந்து பாட, ஊர் ஊராகப் பிள்ளைகள் சேர்ந்து பாடினார்கள். அவர்கள் பாடுவது அவர் காதில் விழாது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசன் நகரில் கூடி, வானொலியில் கற்ற பாட்டை அவர் முன்னால் ஒரே குரலாகப் பாடினார்கள்.

இவ்வளவு செய்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1921 முதல் 1936 வரை அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் பெற்ற வானொலி உரிமங்கள் 202. 1937 தொடக்கத்தில் மிஞ்சியவை 38. யாரும் தடைச்சட்டம் போடவில்லை. விளம்பரப் பணத்தில் வளர்ந்த நிலையங்கள் நல்ல அலைவரிசைகளைக் கேட்டு மனுப் போட்டன. அந்த மனுக்கள் மீது வாஷிங்டனில் நடந்த விசாரணைக்கு வக்கீல் வைக்கக் கல்லூரிகளிடம் காசில்லை. அலைவரிசைகளில் கால் பங்கை லாப நோக்கமற்றவர்களுக்கு ஒதுக்கச் சொன்ன திருத்தம் 1934-ல் செனட்டில் தோற்றது. 1945-ல் எஃப்எம்மில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை கல்விக்கென்று ஒதுக்கியபோது ஒரு தலைமுறையே கடந்திருந்தது.

அலைவரிசை பொதுச்சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்தது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கியது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் சமுதாய வானொலிக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் 100 வாட்டில் பாடம் சில கிலோமீட்டரைத் தாண்டாது. பாட்டும் விளம்பரமும் மாவட்டம் முழுக்கக் கேட்கும்போது பாடத்துக்கு மட்டும் ஏன் இந்த எல்லை? ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு முழு ஆற்றல் அலைவரிசையைக் கல்விக்கென்று சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டு, மிச்சத்தை ஏலம் விடட்டும்.