வில்மோரை ஜெராக்ஸ் நோட்ஸோடு விட்டுவிடாதீர்கள்

நம் டெல்டா பக்கம் எம்.எஸ்ஸி. கணிதம் முடித்த பிள்ளைகளிடம், வளைகோடுகளையும் பரப்புகளையும் பற்றிய வகையீட்டு வடிவியல் பாடத்துக்கு நாம் வைத்திருக்கிற புத்தகத்தை எழுதிய வில்மோர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். வளைகோடுகளுக்கான செரே-ஃபிரெனே சூத்திரம் என்பார்கள், அப்புறம் பரப்பின் மேல் குறுகிய வழியாகப் போகும் கோடான ஜியோடெசிக், அவ்வளவுதான். எந்த யூனிட்டில் எந்தப் பத்து மார்க் கேள்வி திரும்பத் திரும்ப வரும் என்பது அத்துப்படி, ஆனால் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிற நோட்ஸ்தான் அவர்களுக்கு வில்மோர். கும்பகோணம் பக்கம் பல வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறவன் நான், எனக்கு இதில் தீராத வருத்தம். பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. பாபநாசத்திலிருந்தும் வலங்கைமானிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, அரியர் இல்லாமல் முடித்து, முதுகலை ஆசிரியர் வேலைக்கான பி.ஜி. டி.ஆர்.பி. தேர்வு எழுதி வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. நாம் கொடுப்பதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள்.

தாமஸ் ஜேம்ஸ் வில்மோர் 1919-ல் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் பிறந்தவர். லண்டன் கிங்ஸ் காலேஜில் படிப்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கார்டிங்டன் விமானப்படைத் தளத்தில் வேலை, எதிரி விமானங்களைத் தடுக்கக் கம்பியில் கட்டிப் பறக்கவிடுவார்களே, அந்த ராட்சத பலூன்கள் சம்பந்தமாக. 1946-ல் டர்ஹாம், 1954-ல் லிவர்பூல், 1965-ல் பேராசிரியராகத் திரும்பவும் டர்ஹாம். நாம் பாடமாக வைத்திருக்கிற புத்தகம் 1959-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது, அதாவது லிவர்பூல் காலத்தது. நம் வகுப்பில் இவ்வளவுகூட யாரும் சொல்வதில்லை. இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம்.

1965-ல் அவர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு முதன்மை வளைவுகள் உண்டு, அதாவது அந்தப் புள்ளியில் பரப்பு வளைகிற அளவின் உச்ச மதிப்பும் மிகக் குறைந்த மதிப்பும், இது நம் சிலபஸிலேயே இருக்கிறது. அவற்றின் சராசரியை எடுத்து, வர்க்கப்படுத்தி, பரப்பு முழுக்கத் தொகையிட வேண்டும். கோளத்துக்குச் செய்தால் 4π வரும். சின்னக் கோளம், பெரிய கோளம் எதுவானாலும் அதே 4π, வேறு எந்த மூடிய பரப்புக்கும் இதற்குக் கீழே வராது. சரி, உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள பரப்பாக இருந்தால் மிகக் குறைந்தது எவ்வளவு வரும்? 2π² என்று வில்மோர் ஊகித்தார். முதலில் ஒழுங்கான வட்ட வடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டையைச் சுற்றி வடையின் சதைக்கு நட்டநடுவே போகும் வட்டத்தின் ஆரத்துக்கும் குறுக்குவெட்டு வட்டத்தின் ஆரத்துக்கும் உள்ள விகிதம் t என்றால் தொகை π²t²/√(t²−1). இதன் மீச்சிறு மதிப்பைப் பிளஸ் டூவில் படித்த வகை நுண்கணிதத்தை வைத்தே போட்டுவிடலாம், t = √2 என்று வரும், மதிப்பு 2π². இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது கடைசி பெஞ்சு வரைக்கும் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். வட்டமாக இல்லாமல் எப்படி நெளிந்து முறுக்கிய வடிவமாக இருந்தாலும் இதற்குக் கீழே போகாது என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். அதற்கு 47 வருடம் ஆனது. 2012-ல் ஃபெர்னாண்டோ கோடா மார்க்கெஸும் ஆந்த்ரே நெவெஸும் நிரூபித்தார்கள். வில்மோர் 2005-லேயே காலமாகிவிட்டார்.

இந்தக் கேள்வி எங்கே அச்சானது தெரியுமா? ருமேனியாவில் யாஷ் என்ற ஊரின் பல்கலைக்கழக இதழில். லண்டனும் இல்லை, பாரிஸும் இல்லை. நம்ம ஊர்க் கல்லூரியில் உட்கார்ந்து என்ன பெரிய கணிதம் என்று அலுத்துக்கொள்கிற சக ஆசிரியர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

மார்க்கெஸ் வளர்ந்தது பிரேசிலின் மசேயோ நகரம், முதுகலை படித்தது ரியோவில் உள்ள இம்பா என்ற கணித ஆராய்ச்சி நிறுவனம். அதே மசேயோவில் பிறந்து, சிவில் இன்ஜினியரிங் படித்து, அமெரிக்காவின் பெர்க்லியில் வடிவியல் மேதை செர்னிடம் ஆராய்ச்சி செய்துவிட்டு ஊர் திரும்பி, இம்பாவில் பாடம் நடத்தியவர் மன்ஃப்ரெடோ டு கார்மோ. அவருடைய ரீமான் வடிவியல் புத்தகம் 1979-ல் போர்த்துகீசிய மொழியில்தான் முதலில் வந்தது, ஆங்கிலத்தில் 1992-ல்தான். பாடநூல் எழுதுவதை ஆராய்ச்சிக்கு ஒரு படி கீழே வைத்துப் பேசுகிறவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. டு கார்மோ மாதிரி ஆட்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே புத்தகம் எழுதினார்கள், அந்தப் பிள்ளைகள் படித்த இடத்திலிருந்து இவ்வளவு பெரிய விடை வந்திருக்கிறது.

பெரிய வடிவியல் மேதைகளோடு நம் ஊருக்கும் அப்படி ஒரு தொடர்பு இருந்தது. நவீன வகையீட்டு வடிவியலைக் கட்டியெழுப்பியவர்களில் தலையாயவரான எலீ கார்த்தனிடம் முனைவர் பட்டம் வாங்கிய பாதிரியார் சார்ல் ரசீன், 1937-ல் இந்தியா வந்து முதலில் பாடம் நடத்தியது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். 1939-ல் சென்னை லயோலாவுக்குப் போனார், அங்கே அவரிடம் படித்தவர்கள்தான் பிற்பாடு உலகப் புகழ்பெற்ற கணித மேதைகளான எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும். பழைய வினாத்தாளைப் பார்த்து நோட்ஸ் எழுதிக் கொடுப்பவராக ரசீன் இருந்திருந்தால் இவர்கள் இருவரும் எங்கே போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சாவூர் என்று எங்கே இந்தப் பாடம் நடத்துகிறவர்களானாலும் ஒன்று கேட்கிறேன். முதன்மை வளைவுகள் முடிந்ததும் ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். இன்டர்னலுக்கு அசைன்மென்டாகக் கொடுத்தாலும் நல்லது. கோளத்தையும் வடையையும் தமிழில் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறேன், உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். நூலகத்தில் வில்மோரின் மூலப் புத்தகம் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள், இல்லையென்றால் அடுத்த கொள்முதல் பட்டியலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.