தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா

சென்னை கொருக்குப்பேட்டையில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. மழை வந்தால் அம்மாவின் கட்டிலை இரவெல்லாம் நகர்த்திக்கொண்டே இருக்கிறோம். இடித்துவிட்டு, கீழும் மேலுமாகச் சின்ன வீடு கட்ட ஆசை. 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, விவரங்கள் சரியென்று நாமே உறுதி சொல்லும் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி தரும் திட்டத்தை 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்தது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அதற்குப் பட்டா வேண்டுமே! பெயர் மாற்றப் போனால் வாரிசுச் சான்று கேட்டார்கள். கொடுத்தோம். பத்திரத்தில் தாத்தாவின் இனிஷியல் 'கோ', சான்றில் 'கே' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓர் எழுத்துக்காக ஒரு குடும்பத்தையே அலைக்கழிப்பதா? சொந்த மண்ணில் சுவர் எழுப்ப எத்தனை மேசைகளைத்தான் கும்பிடுவது? பெயர் மாற்றத்தையும் சுயசான்றில் சேருங்கள். பொய் சொன்னவனைப் பிடித்துத் தண்டியுங்கள்.