கிணற்றடி வல்லாரையும் சித்தியின் சீனிக் குளிசையும்

போன கிழமை சித்தி ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்து காட்டினா. உள்ளே கடுகளவு வெள்ளைக் குளிசைகள். முழங்கையில் தோல் தடித்துச் செதில் செதிலாக உதிர்கிறதுக்கு ஓமியோபதி வைத்தியர் ஒருவர் கொடுத்ததாம். லேபலில் ‘ஹைட்ரோகொட்டைல் ஏசியாட்டிகா 30’.

“சித்தி, இது வல்லாரை” என்றேன்.

“எங்கட கிணத்தடி வல்லாரையோ? பகிடி விடாதை!”

பகிடியில்லை. குப்பியில் இருப்பது 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் செடிக்கு வைத்த பெயர். தாவரவியலில் இப்போது செண்டெல்லா ஏசியாட்டிகா. குப்பியில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தோலுக்குக் கொடுப்பதும் காரணமில்லாமல் இல்லை. சித்த வைத்தியத்தில் தோல் வியாதிகளுக்கும் குட்டத்துக்கும் வல்லாரை பழைய மருந்து. மொரீசியஸில் பொய்லோ என்ற வைத்தியர், தானே தொழுநோயாளி, இந்தச் செடியைச் சாப்பிட்டுப் பார்த்து 1850களில் எழுதினார். ஓமியோபதிக்காரரும் அதே காலத்தில்தான் இதைக் கையில் எடுத்தார்கள்.

எனக்குப் பிரச்சினை அந்த 30தான். ஒரு துளி சாற்றை 99 துளி சாராயத்தில் கலந்து குலுக்கி, அதில் ஒரு துளியை எடுத்துத் திரும்ப 99 துளியில் கலப்பது. இப்படி 30 தரம். ஆறாவது தரத்திலேயே கணக்கு எங்கே நிற்கிறது தெரியுமா? 13 அடி அகலக் கிணறு, 13 அடி தண்ணீர், அப்படி ஆயிரம் கிணறு. அவ்வளவுக்கும் ஒரு துளி. பன்னிரண்டு தரம் தாண்டினால் வல்லாரையின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே சந்தேகம். முப்பதில் இருப்பது சீனி. மதர் டிங்சர், அதாவது இப்படிக் கலந்து ஐதாக்காத மூலச்சாறு, என்று எழுதியிருந்தால் அது வேறு கதை, அதில் இலைச்சாறு உண்மையாகவே இருக்கும். குப்பி வாங்குகிறவர்கள் பெயரை விட்டுவிட்டு இலக்கத்தைப் பாருங்கள்.

சீனி தின்றால் என்ன குறையப்போகிறது என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் சித்தி கிளினிக்கில் தந்த பூச்சு மருந்தை நிறுத்திவிட்டா. கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அந்த ஓமியோபதி வைத்தியர் முக்கால் மணித்தியாலம் இருத்திவைத்து நித்திரை, சாப்பாடு, மகனின் கனடாப் பயணம் வரைக்கும் கேட்டிருக்கிறார். கிளினிக்கில் இரண்டு நிமிசம். மனிசி எங்கே போகும்?

சரி, நம்முடைய ஆக்களும் சும்மா இல்லை. ‘வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே’ என்று பழமொழி இருக்கிறது என்பதற்காக, சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு வல்லாரைக் கப்சூலை மாதக்கணக்கில் விழுங்கக் கொடுக்கிறார்கள். ஞாபகசக்திக்கு இதுவரை இருப்பது சின்னச் சின்ன ஆய்வுகள்தான், உறுதியான முடிவில்லை. செறிவாக்கின குளிசையை நெடுக எடுத்து ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சம்பலில் அந்தப் பயமில்லை. வாய்க்காலோரம் பிடுங்கினதை நாலு தண்ணீரில் அலசி, நுணுக்கமாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பிசைந்து, தேசிக்காய்ப்புளியைக் கடைசியாகத்தான் விடவேண்டும். முந்தி விட்டால் இலை கறுத்துவிடும்.

நேற்றுச் சித்தி ரெலிபோன் எடுத்தா. பூச்சு மருந்தைத் திரும்பப் பூசத் தொடங்கிவிட்டாவாம். குளிசையையும் விடவில்லை.

“காசு குடுத்து வாங்கினதடா” என்கிறா.