அப்டேட் வரவில்லை என்பது சரியல்ல

தம்பி, வால்வ் நிறுவனத்தின் இணையத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் பற்றி, “டீம் ஃபோர்ட்ரஸ் 2-க்கு 2017-க்குப் பிறகு ஒரு அப்டேட்கூட வரவில்லை” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. புதிய ஆயுதங்களோடு வந்த கடைசிப் பெரிய அப்டேட்தான் 2017 ஒக்டோபரின் ‘ஜங்கிள் இன்ஃபெர்னோ’. அதன் பிறகும் கோடை, ஹாலோவீன், நத்தார் என்று பருவகால அப்டேட்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2024 ஏப்ரலில் 64-பிட் பதிப்பு வந்தது. 2025 பெப்ரவரியில் விளையாட்டின் மூலநிரலையே வால்வ் வெளியிட்டது.

ஆனால் அந்தப் பருவகால அப்டேட்களில் வரும் வரைபடங்களும் (ஆட்டக் களங்கள்) தொப்பிகளும் பெரும்பாலும் ரசிகர்கள் செய்து கொடுத்தவை. கோபப்பட வேண்டிய இடம் அதுதான். இன்னொன்று, பொட் தொல்லை; அதாவது மனிதருக்குப் பதில் தானாக விளையாடும் ஏமாற்று நிரல்கள். தொடக்க அறையின் கதவைத் தாண்டும் முன்பே, தலையைப் பம்பரமாய்ச் சுழற்றும் ஸ்னைப்பர் (தொலைவிலிருந்து சுடும் பாத்திரம்) பொட் ஒன்று நெற்றியில் சுட்டுவிடும். அதை வெளியேற்ற வாக்கெடுப்பு வைத்தால், பொட்கள் ஒன்றுசேர்ந்து நம்மையே வெளியேற்றிவிடும். வருடக்கணக்கில் இப்படி இருந்து, 2024 ஜூனில் ரசிகர்கள் லட்சக்கணக்கில் இணைய மனுவில் கையெழுத்திட்ட பிறகுதான் வால்வ் பொட்களைக் கூட்டமாகத் தடை செய்தது.

ஆகவே “2017-க்குப் பிறகு புதிய ஆயுதங்களோடு பெரிய அப்டேட் ஒன்றுகூட வரவில்லை” என்று திருத்தி எழுதுங்கள். அதை யாராலும் மறுக்க முடியாது.